டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்: விற்பனை, லாபம், ஃபுட் லாக்கர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பங்குகளைக் கவனிக்கிறவர்களிடம் இந்த நிறுவனத்தின் பேச்சு வந்தால், சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எண்கள் நிறுவனமே வெளியிட்டவை. 2025 நவம்பரில் வந்த காலாண்டு முடிவு வரைதான் இங்கே கணக்கு. 100 கோடி டாலர் என்பது அவர்கள் சொல்லும் ஒரு பில்லியன்.

டிக்ஸ்னா ஷூ தயாரிக்கிற கம்பெனியா, விக்கிற கடையா?

கடைதான். விளையாட்டுச் சாமான், ஷூ, உடை ஆகியவற்றை விற்கும் அமெரிக்காவின் மிகப் பெரிய சங்கிலிக் கடை. 1948இல் ரிச்சர்ட் ‘டிக்’ ஸ்டாக் என்பவர், பாட்டி எடுத்துக் கொடுத்த 300 டாலரை வைத்து, நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் தூண்டில், மீன்பிடிச் சாமான் விற்கத் தொடங்கினார். மகன் எட் ஸ்டாக் 1984இல் பொறுப்பேற்றபோதும் இருந்தவை இரண்டே கடைகள். 2002 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. தலைமையகம் பிட்ஸ்பர்க் பக்கத்தில் கோராபொலிஸ். 2021 பிப்ரவரியிலிருந்து லாரன் ஹோபார்ட் தலைமை நிர்வாகி. எட் ஸ்டாக் நிர்வாகத் தலைவராக இருக்கிறார்.

டிஎஸ்ஜி, காலியா, விஆர்எஸ்டி என்று சொந்த பிராண்டுகளும் உண்டு. ஆனால் வாங்கி விற்கும் சரக்கில் சுமார் கால் பங்கு நைக்கி ஒன்றிடமிருந்தே வருகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவங்க ‘2024 நிதியாண்டு’ன்னு சொல்றது எப்போ முடியுது?

ஜனவரி கடைசியை ஒட்டிவரும் சனிக்கிழமையில். 2024 நிதியாண்டு முடிந்தது 2025 பிப்ரவரி 1ஆம் தேதி. கிறிஸ்துமஸ் விற்பனையும், அதன் பிறகு திரும்பி வரும் சரக்கும் ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிட வேண்டும் என்பதற்காக அமெரிக்கச் சில்லறைக் கடைகள் பலவும் இப்படித்தான் கணக்கு முடிக்கின்றன. கீழே நான் ‘2021’, ‘2024’ என்று சொல்லும் இடங்களில் எல்லாம் நிதியாண்டு என்றே படியுங்கள்.

விற்பனை நிஜமாவே வளர்ந்திருக்கா, இல்ல எல்லாம் கொரோனா காலத்து வீக்கமா?

2019இல் விற்பனை 875 கோடி டாலர். 2020இல் 958 கோடி. 2021இல் ஒரே தாவலாக 1,229 கோடி. ஜிம்கள் மூடிக்கிடந்தன, அரசு கையில் பணம் கொடுத்தது, மக்கள் டம்பெல், கோல்ஃப் மட்டை, சைக்கிள் என்று வாங்கித் தள்ளினார்கள். இந்தக் கூட்டம் கலைந்ததும் விற்பனை பழைய இடத்துக்கே இறங்கிவிடும் என்றுதான் சந்தையில் பலர் எதிர்பார்த்தார்கள்.

இறங்கவில்லை. 2022இல் 1,237 கோடி, 2023இல் 1,298 கோடி, 2024இல் 1,344 கோடி. வீக்கம் என்றால் வடிந்திருக்க வேண்டும். வீட்டு உடற்பயிற்சிக் கருவிகளுக்கு இருந்த மோகம் தணிந்தது உண்மைதான். அந்த இடத்தை ஷூவும் குழந்தைகளின் அணி விளையாட்டும் நிரப்பிக்கொண்டன. எட்டு வயதுப் பையனுக்குப் போன சீசனில் வாங்கிய கிளீட்ஸ் (அடியில் முள் வைத்த ஆட்ட ஷூ) இந்த சீசனில் காலுக்குள் நுழையாது. பொருளாதாரம் மந்தமானாலும் கால் வளராமல் இருக்காது. இந்தக் கடையின் வியாபாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

‘ஒப்பீட்டு விற்பனை’ன்னு ஒண்ணை ஏன் எல்லாரும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க?

புதுக் கடை திறந்தாலே மொத்த விற்பனை ஏறிவிடும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஓர் ஆண்டுக்கு மேல் நடந்துவரும் கடைகளும் இணைய விற்பனையும் போன ஆண்டைவிட எவ்வளவு கூடுதலாக விற்றன என்று பார்ப்பதுதான் ஒப்பீட்டு விற்பனை. கடையின் நாடி இங்கேதான் தெரியும்.

டிக்ஸுக்கு 2018இல் அது 3.1 சதவீதம் குறைந்தது. பிறகு 2019இல் 3.7 சதவீத ஏற்றம், 2020இல் 9.9, 2021இல் 26.5. 2022இல் 0.5 சதவீதம் சரிந்தது. 26.5 சதவீதம் ஏறிய அடுத்த ஆண்டே வெறும் அரை சதவீதம்தான் இழந்தது என்பதை நான் பெரிய செய்தியாகப் பார்க்கிறேன். 2024இல் 5.2 சதவீதம் ஏறியது. அதே ஆண்டில் டெக்சாஸின் அகாடமி ஸ்போர்ட்ஸ் கடைகளில் இது 5.1 சதவீதம் குறைந்தது. ஆக, ஊரே நன்றாக விற்ற காலமல்ல அது. பக்கத்துக் கடை இழந்துகொண்டிருந்தபோது இவர்கள் ஏறியிருக்கிறார்கள்.

2024ல மொத்த விற்பனை மூணரை சதவீதம்தான் ஏறியிருக்கு. ஒப்பீட்டு விற்பனை மட்டும் 5.2ன்னா கணக்கு இடிக்குதே?

இடிக்கவில்லை. மேலே சொன்ன சனிக்கிழமைக் கணக்கின் விளைவு இது. 52 வாரம் என்பது 364 நாள்தான். விடுபடும் நாட்கள் சேர்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 53 வார நிதியாண்டு வந்துவிடும். 2023 அப்படிப்பட்ட ஆண்டு. 52 வார 2024ஐ 53 வார 2023ஓடு வைத்தால் வளர்ச்சி குறைந்தே தெரியும். ஒப்பீட்டு விற்பனையில் வாரத்துக்கு வாரம் சமமாக வைத்துப் பார்ப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

100 டாலருக்கு ஒரு ஷூ வித்தா கடைக்கு என்னதான் மிஞ்சுது?

2024 கணக்கில் ஏறக்குறைய 36 டாலர் மொத்த லாபம். டிக்ஸின் கணக்குமுறையில் கடை வாடகை, சரக்குப் போக்குவரத்து, காணாமல்போகும் சரக்கு ஆகியவற்றைக் கழித்த பிறகு நிற்கும் தொகை இது. இதிலிருந்து சம்பளம், விளம்பரம், நிர்வாகச் செலவு போனால் 11 டாலர் சொச்சம். வரியும் போய்க் கையில் நிற்பது 9 டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

2019இல் இதே 100 டாலரில் மொத்த லாபம் 29 டாலர் அளவில்தான் இருந்தது. கடைசியில் கையில் நின்றது மூன்றரை டாலருக்கும் குறைவு. விற்பனை ஐந்து ஆண்டில் ஒன்றரை மடங்கு ஆனது. நிகர லாபமோ சுமார் 30 கோடி டாலரிலிருந்து 116 கோடி டாலராக, கிட்டத்தட்ட நான்கு மடங்காக ஆகியிருக்கிறது. டிக்ஸைப் பற்றிப் பேசுகிற பலர் விற்பனை வரியோடு நின்றுவிடுகிறார்கள். கதை இருப்பது லாப விகிதத்தில்.

அந்த லாப விகிதம் எப்படி ஏறுச்சு? சும்மா விலையை ஏத்திட்டாங்களா?

விலையை ஏற்றியதைவிட, தள்ளுபடியைக் குறைத்தார்கள் என்பதுதான் சரி. 2021இல் சரக்கே கிடைக்காத நேரத்தில் யாரும் தள்ளுபடி கேட்கவில்லை. மொத்த லாப விகிதம் 38 சதவீதத்தைத் தாண்டியது. சரக்கு தாராளமாக வரத்தொடங்கியதும் அது இறங்கியது. ஆனால் 29க்குப் போகாமல் 35க்குப் பக்கத்தில் நின்று, மறுபடி ஏறத் தொடங்கியது.

நின்றதற்குக் காரணம் போட்டியாளர்களின் நிலைமை. ஒரு காலத்தில் பெரிய போட்டியாக இருந்த ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி 2016இல் திவாலாகி எல்லாக் கடைகளையும் மூடியது; அதன் பெயரையே டிக்ஸ் விலைக்கு வாங்கியது. பிறகு நைக்கி போன்ற பிராண்டுகள் சின்னச் சின்னக் கடைகளுக்குச் சரக்கு கொடுப்பதைக் குறைத்து, தங்கள் பொருளை நன்றாகக் காட்சிக்கு வைக்கும் சிலரிடம் மட்டும் நல்ல மாடல்களைக் கொடுக்கத் தொடங்கின. எல்லாக் கடையிலும் கிடைக்காத ஷூவுக்கு விலைச் சண்டை வராது. ஹோக்கா, ஆன் போன்ற புதிய ஓட்ட ஷூக்களும் முழு விலைக்கே போயின. சொந்த பிராண்டுகளில் இடைத்தரகு லாபமும் கடைக்கே வருகிறது.

இன்னொன்றும் சேர்ந்தது. குழந்தைகளின் ஆட்டங்களுக்கு ஸ்கோர் போடவும் நேரலை காட்டவும் உதவும் கேம்சேஞ்சர் செயலி 2016இலிருந்து இவர்களுடையது. இதில் வருவது சந்தாப் பணம். சரக்கு வாங்கவோ அடுக்கவோ வேண்டியதில்லை. தொகை மொத்த விற்பனையில் சிறு துளிதான், ஆனால் லாப விகிதம் கடையைவிட மிக அதிகம்.

2023 ஆகஸ்டில ஒரே நாள்ல பங்கு 24 சதவீதம் விழுந்துச்சே, அது ஏன்?

அந்தக் காலாண்டில் விற்பனை குறையவில்லை, கூடவே செய்தது. லாபம் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்தது: பங்கு ஒன்றுக்கு 3.81 டாலர் வரும் என்று ஆய்வாளர்கள் கணித்திருந்த இடத்தில் வந்தது 2.82. நிறுவனம் சொன்ன இரண்டு காரணங்கள்: கடைகளில் திருட்டால் காணாமல்போன சரக்கு, தேங்கிக் கிடந்த வெளிப்புற விளையாட்டுச் சாமான்களை விலை குறைத்துத் தள்ளியது. கூடவே அந்த ஆண்டுக்கான லாப எதிர்பார்ப்பையும் குறைத்தார்கள்.

திருட்டு பெரிய தலைப்புச் செய்தி ஆனது. நான் கவனிக்கச் சொல்வது இரண்டாவது காரணத்தை. சரக்கு இருப்பு விற்பனையைவிட வேகமாக ஏறும் காலாண்டைப் பார்த்தால், அடுத்த சில மாதங்களில் தள்ளுபடிப் பலகை வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். லாப அறிக்கையில் அது தெரியும் முன்பே இருப்புநிலைக் குறிப்பில் தெரிந்துவிடும்.

2021ல லாபம் அதிகம். ஆனா பங்குக்கான லாபம் 2024லதான் அதிகம்னு போட்டிருக்கு. எது சரி?

இரண்டும் சரி. 2021 நிகர லாபம் சுமார் 152 கோடி டாலர், பங்கு ஒன்றுக்கு 13.87. 2024 நிகர லாபம் சுமார் 116 கோடி, பங்கு ஒன்றுக்கு 14.05. வகுக்கப்படும் தொகை குறைந்தது. வகுக்கும் எண் அதைவிடக் குறைந்தது. 2021 கணக்கில் சுமார் 11 கோடிப் பங்குகள், 2024இல் சுமார் 8.3 கோடி.

இது முழுக்கப் பைபேக்கின் (நிறுவனமே தன் பங்குகளைத் திரும்ப வாங்கிக் குறைப்பதன்) வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கொரோனா தொடங்கியபோது, 2020 ஏப்ரலில், கையில் காசு இருக்கட்டும் என்று 57.5 கோடி டாலருக்குப் பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரம் வெளியிட்டார்கள். பங்கு விலை ஏறியதும் அவை எல்லாம் பங்காக மாறக்கூடும் என்ற கணக்கில் 2021இன் எண்ணிக்கை உப்பியிருந்தது. அந்தப் பத்திரங்களைத் தீர்த்ததும் வீக்கம் போனது. மீதிதான் நிஜப் பைபேக்.

டிவிடெண்ட் ஒழுங்கா வருமா?

இதுவரை வந்திருக்கிறது, ஆண்டுதோறும் கூட்டியும் வருகிறார்கள். ஆண்டுக்கு 2023இல் 4 டாலர், 2024இல் 4.40, 2025இல் 4.85. 2021இல் 5.50 டாலர் சிறப்பு ஈவுத்தொகையும் கொடுத்தார்கள். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே டிவிடெண்டாகப் போவதால் இப்போதைக்கு நெருக்கடி தெரியவில்லை.

துப்பாக்கி விக்கறதை நிறுத்தினதால நஷ்டமாச்சுன்னு சொல்றாங்களே?

2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ராணுவ வகைத் துப்பாக்கிகளை முழுவதுமாக நிறுத்தினார்கள். 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் துப்பாக்கி விற்பதில்லை என்றும் அறிவித்தார்கள். வேட்டைக்காரர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், அந்த ஆண்டு விற்பனையும் அடிபட்டது. மேலே 2018க்குச் சொன்ன 3.1 சதவீதச் சரிவில் இதற்கும் பங்கு உண்டு. பிறகு பல கடைகளில் வேட்டைப் பிரிவையே எடுத்துவிட்டு வேறு சரக்கை வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஒப்பீட்டு விற்பனை ஏறியது. வேட்டைச் சாமான் லாபம் குறைந்த சரக்கு என்பதால், கணக்கு வழக்கில் இந்த முடிவு அவர்களைப் பெரிதாகக் காயப்படுத்தவில்லை.

எல்லாரும் ஆன்லைன்ல வாங்கும்போது இவங்க ஏன் பெரிசு பெரிசா கடை கட்டறாங்க?

‘ஹவுஸ் ஆஃப் ஸ்போர்ட்’ கடைகளைத்தான் கேட்கிறீர்கள். முதலாவது 2021இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பக்கத்தில் வந்தது. ஒரு லட்சம் சதுர அடிக்கு மேல். உள்ளே ஏறிப் பழகப் பாறைச் சுவர், பேஸ்பால் மட்டையைச் சுழற்றிப் பார்க்க வலைக்கூண்டு, கோல்ஃப் சிமுலேட்டர். வெளியே ஓடுபாதையோடு ஒரு மைதானம். பல இடங்களில், மூடப்பட்ட பெரிய கடைகள் விட்டுப்போன இடத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். 2027க்குள் 75 முதல் 100 கடைகள் என்பது இலக்கு.

ஆன்லைனுக்கு எதிராகக் கட்டுகிறார்கள் என்பது தவறான பார்வை. இணைய ஆர்டர்களில் பெரும்பகுதியும் கடையிலிருந்தே அனுப்பப்படுகிறது அல்லது கடையில் வந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. மொத்த விற்பனையில் 90 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு கடையின் சரக்கிலிருந்துதான் போகிறது என்று நிறுவனம் சொல்கிறது. கடையே கிடங்கு. நூற்றுக்கணக்கான டாலர் விலையுள்ள மட்டையைச் சுழற்றிப் பார்க்காமல் வாங்க எந்த அப்பாவுக்கும் மனசு வராது என்பதும் உண்மை.

இதற்குச் செலவு பிடிக்கும். 2025க்கான மூலதனச் செலவு சுமார் 100 கோடி டாலர் என்று சொல்லியிருந்தார்கள். விற்பனை நின்றுபோகும் ஆண்டில் இந்தப் பெரிய கடைகளின் வாடகையும் சம்பளமும் உறுத்தும்.

டிரம்ப் வரி போட்டதும் அடி விழுமே?

ஓரளவு. அமெரிக்காவில் விற்கும் விளையாட்டு ஷூக்களில் பெரும்பாலானவை வியட்நாம், இந்தோனேசியா, சீனாவில் தைக்கப்படுபவை. 2025இல் இந்த நாடுகள் எல்லாவற்றின் மீதும் வரி ஏறியது. சொந்த பிராண்டுகளுக்கு டிக்ஸே இறக்குமதியாளர் என்பதால் நேரடிச் சுமை உண்டு. மற்றவற்றுக்கு வரி கட்டுவது நைக்கி, அடிடாஸ் போன்றவர்கள். சுமை விலையேற்றமாக வந்து சேரும். அந்த ஆண்டு நவம்பர் முடிவு வரை டிக்ஸின் ஒப்பீட்டு விற்பனை ஏறிக்கொண்டே இருந்ததைப் பார்த்தால், கூடுதல் விலையை வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நல்லாப் போயிட்டிருந்த கம்பெனி, எதுக்கு ஃபுட் லாக்கரைப் போய் வாங்குச்சு?

ஃபுட் லாக்கர் என்பது ஸ்னீக்கர் விற்கும் இன்னொரு சங்கிலிக் கடை. 2025 மே 15 அன்று அறிவிப்பு. விலை சுமார் 240 கோடி டாலர். ஃபுட் லாக்கர் பங்குதாரர்களுக்கு ஒரு பங்குக்கு 24 டாலர் ரொக்கம் அல்லது 0.1168 டிக்ஸ் பங்கு. செப்டம்பர் 8இல் முடிந்தது. அறிவிப்பு வந்த அன்று ஃபுட் லாக்கர் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் எகிறியது, டிக்ஸ் பங்கு ஏறக்குறைய 15 சதவீதம் இறங்கியது. யாருக்கு லாபம் என்று சந்தை நினைத்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நிர்வாகத்தின் வாதம் வேறு. ஃபுட் லாக்கருக்கு சுமார் 20 நாடுகளில் ஏறக்குறைய 2,400 கடைகள், ஆண்டு விற்பனை சுமார் 800 கோடி டாலர். அமெரிக்காவுக்கு வெளியே டிக்ஸுக்குக் கடையே இருந்ததில்லை. மால்களிலும் நகரங்களுக்குள்ளும் ஸ்னீக்கர் வாங்கும் இளைஞர் கூட்டம் டிக்ஸுக்கு எட்டாதது. இரண்டும் சேர்ந்தால் நைக்கியிடம் பேசும் குரல் பெரிதாகும். ஃபுட் லாக்கர் வாங்கும் சரக்கில் ஏறக்குறைய 60 சதவீதம் நைக்கி என்பதால், முதல் பதிலில் சொன்ன கால் பங்கு இப்போது கூடிவிட்டது. நைக்கி தேறினால் இரட்டை லாபம், தடுமாறினால் இரட்டை அடி. சில்லறை வியாபாரத்தில் நொடித்த சங்கிலியை வாங்கித் தேற்றியவர்களைவிடத் தாங்களும் சேர்ந்து நொடித்தவர்கள்தான் அதிகம். சந்தையின் பயத்தில் எனக்கும் பாதி உடன்பாடு.

நவம்பர் முடிவுல ஒரு பெரிய செலவு சொன்னாங்களே, அது நஷ்டமா?

ஃபுட் லாக்கரில் விற்காமல் கிடக்கும் பழைய சரக்கைத் தள்ளவும், ஓடாத கடைகளை மூடவும், இணைப்புக்கும் சேர்த்து 50 முதல் 75 கோடி டாலர் வரை செலவு வரும் என்றார்கள். ‘ஒருமுறைச் செலவு’ என்று தனியே காட்டுவார்கள். காசு உண்மையிலேயே போகிறது, அதனால் வாங்கிய விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்: 240 கோடி என்றது 300 கோடியை நெருங்குகிறது.

அதே காலாண்டில் டிக்ஸின் சொந்தக் கடைகளில் ஒப்பீட்டு விற்பனை 5.7 சதவீதம் ஏறியது. ஃபுட் லாக்கரில் 4.7 சதவீதம் இறங்கியது. டிக்ஸ் பகுதிக்கான 2025 லாப எதிர்பார்ப்பைப் பங்கு ஒன்றுக்கு 14.25 முதல் 14.55 டாலர் என்று உயர்த்தினார்கள். ஃபுட் லாக்கரைச் சேர்க்காத எண் அது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

இனிமே எப்படிப் போகும்?

டிக்ஸ் பகுதிக்குச் சாதகமானவை தெரிகின்றன. 2026 கால்பந்து உலகக் கோப்பை அமெரிக்காவிலும் நடக்கிறது, 2028 ஒலிம்பிக்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில். ஜெர்சியும் பந்தும் அப்போது நன்றாகப் போகும். ஆனால் ஒரு கோப்பை ஒரு கோடைக்காலத்தைத்தான் தூக்கிவிடும். அதைவிட, நைக்கி மறுபடி டிக்ஸ் போன்ற கடைகள் வழியாக விற்பதன் பக்கம் திரும்பியிருப்பதையும், ஹவுஸ் ஆஃப் ஸ்போர்ட் விரிவாக்கத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஃபுட் லாக்கர் பகுதியில் 2026இன் பள்ளி திறக்கும் சீசன்தான் முதல் சோதனை. புதிய நிர்வாகம் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்த சரக்கு அப்போதுதான் கடைகளை நிரப்பியிருக்கும். இணைப்பால் 10 முதல் 12.5 கோடி டாலர் செலவு மிச்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். 800 கோடி விற்பனையில் அது அதிகபட்சம் ஒன்றரை சதவீத அளவுதான். விற்பனை தொடர்ந்து சரிந்தால் அந்த மிச்சம் தாங்காது.

முதலீட்டாளர்களுக்குப் பிடிக்கலைன்னா ஓட்டுப் போட்டு மாத்த முடியாதா?

முடியாது. இரண்டு வகைப் பங்குகள் இருக்கின்றன. சந்தையில் நாம் வாங்கும் சாதாரணப் பங்குக்கு ஒரு ஓட்டு, ‘பி’ வகைக்குப் பத்து. ‘பி’ வகை ஸ்டாக் குடும்பத்தின் கையில் இருப்பதால் ஓட்டுப் பெரும்பான்மையும் அவர்களிடமே. ஃபுட் லாக்கர் பகுதியை நேரடியாகப் பார்த்துக்கொள்வதும் எட் ஸ்டாக்தான்.

ஃபுட் லாக்கர் சேர்ந்ததுக்கு அப்புறம் போன வருஷத்தோட எப்படி ஒப்பிடறது? விற்பனை 36 சதவீதம் ஏறிச்சுன்னு போட்டிருக்காங்களே!

அந்த 36 சதவீதத்தை மறந்துவிடுங்கள். வாங்கிய கடையின் விற்பனையைக் கூட்டியதால் வந்தது. ஒப்பீட்டு விற்பனை ஏன் முக்கியம் என்று மேலே சொன்ன காரணம் இங்கே இன்னும் பொருந்தும். டிக்ஸ் பகுதிக்கும் ஃபுட் லாக்கர் பகுதிக்கும் ஒப்பீட்டு விற்பனையைத் தனித்தனியாகத் தருகிறார்கள், இரண்டையும் தனித்தனியாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பங்குக்கான லாபத்தைப் பார்க்கும்போதும் எச்சரிக்கை வேண்டும்: வாங்கியதற்குப் புதுப் பங்குகள் கொடுத்திருப்பதால், 8.3 கோடி என்று மேலே சொன்ன எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டது.